மூன்றாவது தொட்டி

தம்பி,

சென்ற மாசியில் நீயும் நித்யாவும் ஓசூருக்குக் குடிபோன அன்று, கீரனூர் பஸ் ஸ்டாண்டில் நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது இது: செய்தித்தாளில் சுற்றி நீ எடுத்துப்போன அந்த இரண்டு கிழங்குகள் உன் அம்மா வைத்தவை அல்ல. சொல்வதற்கு நேரம் இருந்தது. திருச்சி பஸ் வரத் தாமதமானது. நீ டீ வாங்கி வந்தாய், நித்யா வேண்டாம் என்றாள், அதையும் நீயே குடித்தாய். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பொட்டலத்தை அவள் மடியில் வைத்து, "இவங்கதான் ஒன் மாமியார். கீழ கீழ போட்றாத" என்றாய். அவள் சிரித்துக்கொண்டே டிபன் பையைக் காலடிக்குத் தள்ளிவிட்டு அதைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் வழியாக என்னிடம், "எவ்வளவு தண்ணி ஊத்தணும் அத்தை?" என்று கேட்டாள். "இப்ப ஒண்ணும் ஊத்த வேணாம். கோடை மழை பெஞ்சா அதுவா வரும்" என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

நாலு பேர் அறிய எதையும் சொல்கிறவள் இல்லை நான். நூலகத்தில் எடுக்கும் புத்தகத்தைக்கூடக் காய்கறிப் பையின் அடியில் வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். நீ அதைக் கேலி செய்வாய். அப்படிப்பட்டவள் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், என்னைப் பற்றி நீ நாலு பேரிடம் ஒன்றைச் சொல்லியிருக்கிறாய். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய். அது உண்மை இல்லை. அதை உனக்கு மட்டும் ரகசியமாகச் சொன்னால், அவர்களிடம் போய்த் திருத்திச் சொல்லும் வேலை உன் தலையில் விழும். அந்த வேலை என்னுடையது.

நான் அந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது, உனக்குப் பத்து. உன் அம்மா செல்வி காய்ச்சலில் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தை மாதம் கல்யாணம் நடந்தது. மாசி முடிவதற்குள் அப்பாவின் மோட்டார் வைண்டிங் கடையில் வேலை குவிந்துவிட்டது. வெயில் ஏற ஏறக் கிணற்றில் தண்ணீர் இறங்கும், மோட்டார் புகையும். குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து விவசாயிகள் எரிந்த மோட்டாரை டாடா ஏஸில் ஏற்றி வந்து, சரியாகிற வரைக்கும் கடை வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அப்பா சாப்பிட வருவார், போவார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. நித்யாவுக்கு நீ சொல். புதிதாக ஒரு பெண் வந்து நிற்கும் வீட்டில் முதல் வாரம் செய்ய வேண்டிய வேலை அதுதான். கோவிலுக்கும் விருந்துக்கும் அப்புறம் போகலாம்.

வீட்டிலிருந்த எவர்சில்வர் பாத்திரம் ஒவ்வொன்றிலும் உன் அம்மாவின் பெயர் வெட்டியிருந்தது. தட்டைத் தேய்க்கும்போது எழுத்து விரலில் தட்டுப்படும். நீ என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு நிற்பாய். நான் ஊற்றுவேன். குடித்துவிட்டுப் போய்விடுவாய். நீ முரடன் இல்லை, அழுது அடம்பிடித்தவனும் இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்கு ஏதாவது செய்ய வழி இருந்திருக்கும்.

கொல்லையில் கிழக்குச் சுவர் ஓரமாக மூன்று சிமெண்ட் தொட்டிகள் இருந்தன. மேலே ஒன்றும் இல்லை, வெடித்த மண் மட்டும். மணமேல்குடியில் எங்கள் வீட்டைச் சுற்றி மணல்தான், தண்ணீர் உப்பு. தென்னையும் அரளியும் நிற்கும். வருடத்தில் பாதி நாள் மண்ணுக்குள் தூங்கிவிட்டு, வெயில் காலத்தில் எழுந்து பூக்கிற செடி ஒன்று உண்டு என்பதை நான் கேள்விப்பட்டதே இல்லை. பங்குனியில் ஒரு நாள் தண்டுக்கீரை விதைக்கலாம் என்று தொட்டிகளைக் கவிழ்த்தேன். பெரிய வெங்காயம் போல நாலைந்து கிழங்குகள் உருண்டு வந்தன. கெட்டுப்போனவை என்று நினைத்துக் குப்பையில் போட்டேன். இதுவரைக்கும்தான் உனக்குத் தெரியும். இதுவரைக்கும்தான் நான் சொன்னேன்.

சித்திரை பிறந்து பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நீ தினமும் காலையில் பல் தேய்த்த கையோடு அந்தத் தொட்டிகளின் முன்னால் போய்க் குந்தினாய். மூன்றாவதோ நான்காவதோ நாள், "இன்னும் வரல" என்றாய். என்னிடம் சொன்னாயா, தொட்டியிடம் சொன்னாயா தெரியவில்லை.

"என்ன வரல?"

"அம்மா பூ. லீவு விட்டதும் வந்துரும். செவப்பா, பந்து கணக்கா இருக்கும்."

"எலை எப்படி இருக்கும்?"

"எலை அப்பறந்தான் வரும். மொதல்ல பூ வந்துரும்." பிறகு கீரையை இரண்டு கையாலும் விலக்கி மண்ணைப் பார்த்தாய். "கீரைக்குள்ள அமுங்கிக் கெடக்கும்" என்றாய். யாராவது எடுத்து எறிந்திருப்பார்கள் என்று உனக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்கு அப்பா உன்னைப் பத்து நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று அறந்தாங்கிக்கு, உன் பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உங்கள் பஸ் கிளம்பியிருக்கும் நேரத்தில் நான் தெருவில் இறங்கிவிட்டேன். அதுவரை பக்கத்து வீட்டில்கூட நான் நின்று பேசியதில்லை. நம் தெருப் பெண்கள் செடியைக் கூப்பிடும் விதம் உனக்குப் பழகிப்போனது. எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர்களிடம் பூவின் பெயரைக் கேட்டால் கொடுத்தவரின் பெயரைச் சொல்வார்கள். டீச்சரம்மா கொடுத்த மல்லிகை ஐந்து வீட்டில் டீச்சர் பூ. செங்கல் சூளைக்காரர் வீட்டிலிருந்து வந்த ஊசிமல்லி எல்லா இடத்திலும் சூளை வீட்டுப் பூ. யாரிடமிருந்து வாங்கினோமோ அந்தப் பெயரோடுதான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும், நடுவில் மாற்றக் கூடாது. உன் அம்மாவின் மே மாதப் பூ இரண்டு வீடுகளில் செல்வி பூவாக இருந்திருக்கிறது. டீச்சரம்மா வீட்டில் கார் நிறுத்தத் தளம் போட்டபோது ஒன்று போயிற்று. கோடி வீட்டில் சாக்கடைக்கு வெட்டியபோது மண்ணோடு மற்றது போயிற்று. "முன்னாடியே கேட்ருந்தா எடுத்து வச்சிருப்பமேம்மா" என்றார் டீச்சரம்மா.

நாலு வீடு தள்ளி இருந்த மும்தாஜ் அக்கா வீட்டுக் கொல்லையில் மட்டும் அந்தப் பூ வரிசையாக நின்றது. நான் அதை முதலில் பார்த்தது அங்கேதான். பச்சைத் தண்டு, அதன் அடியில் சிவப்புப் புள்ளி, உச்சியில் ஒரு கைக்கு அடங்காத சிவப்பு உருண்டை, ஊசி ஊசியாக. சுற்றிலும் இலை இல்லை, காய்ந்த மண்.

"இதுக்குப் பேரு என்னக்கா?"

"சம்பந்தி."

"பூவுக்குக் கேட்டேன்."

"பூவுக்குத்தான் சொல்றேன். கோட்டைப்பட்டினத்து சம்பந்தியம்மா குடுத்தது. வருஷத்துல ஒரு வாட்டி வந்து, பத்து நாளைக்கு வீட்டையே அடைச்சுக்கிட்டு நிப்பாங்க, அதே மாதிரி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அக்கா மண்வெட்டி எடுத்து வந்து, மொட்டு விரியாத ஒன்றை வேரோடு, மண்ணோடு தோண்டி ஒரு சட்டியில் வைத்துக் கொடுத்தார். "கொண்டு போ. பிள்ளை மொகம் வாடக் கூடாது. ஆனா ஒண்ணு, இது செல்வி பூ இல்ல. அவன் வெவரம் தெரிஞ்சு கேக்குறப்ப நீ சொல்லிரணும். இந்தத் தெருவுல அப்படித்தான்."

நீ அறந்தாங்கியிலிருந்து திரும்பி வந்தபோது நடுத்தொட்டியில் பூ விரிந்திருந்தது. நீ கத்தவில்லை, ஓடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாய். "அம்மா இருக்கைல இன்னும் பெருசா பூக்கும்" என்றாய். வெயில் அதிகம் என்றேன். "நீங்க தண்ணி ஊத்துனீங்களா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, "சித்தி, ரசம்" என்றாய். முதல் தடவை. அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நீ எனக்குப் பிள்ளையானது அந்தச் சாப்பாட்டில்தான். அது எதன் மேல் கட்டியது என்று எனக்கு மட்டும் தெரியும்.

அப்பாவிடம் அன்றைக்கே சொன்னேன். "பூ பூத்துச்சுல்ல, விடு" என்றார். வருடா வருடம் சொல்ல நினைப்பேன். எட்டாவது முடிக்கட்டும், பத்தாவது பரீட்சை முடியட்டும், ஐ.டி.ஐ.யில் இடம் கிடைக்கட்டும். நல்ல நாளில் சொல்லி அதைக் கெடுக்க மனம் வராது, கெட்ட நாளில் இதையும் சேர்த்துச் சொல்ல மனம் வராது. கிழங்கு பிரிந்து பிரிந்து மூன்று தொட்டியும் நிறைந்தது. நீ ஒவ்வொரு மே மாதமும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாய். மும்தாஜ் அக்கா தெருவில் போகும்போது வாசலில் நின்று, "என்னம்மா, எங்க சம்பந்தி ஒங்க வீட்ல ஒழுங்காச் சாப்புடுறாங்களா?" என்று கேட்பார். உனக்கு அது புரியாது. "அந்த அக்காவுக்கு எப்பப் பாத்தாலும் சம்பந்தி நெனப்புதான்" என்று சிரிப்பாய். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடாது. நித்யாவிடம் ஒன்றை மறைக்க நேர்ந்தால், அதை மறைத்த வாரத்திலேயே சொல்லிவிடு. அதற்குப் பிறகு அதற்கென்று ஒரு நாள் வருவதில்லை.

ஒரு ஆறுதலும் தேடிப் பார்த்தேன். நூலகத்தில் செடிகளைப் பற்றிய புத்தகம் ஒன்றை மூன்று முறை எடுத்து வந்தேன். எல்லாச் செடியும் எங்கோ ஓரிடத்திலிருந்து வந்ததுதான், எதுவானால் என்ன என்று அதில் எங்காவது இருக்கும் என்று நினைத்தேன். அதில் இருந்தது வேறு. தாய்க் கிழங்கிலிருந்து பிரியும் கிழங்கு அதன் குட்டி அல்ல, அதே செடிதான். எத்தனை வீட்டுக்குப் போனாலும் அதே உயிர்தான் என்று இருந்தது. நான் எறியாமல் விட்டிருந்தால், உன் அம்மா கையால் ஊன்றிய அதே செடி உன்னோடு ஓசூர் வரைக்கும் வந்திருக்க முடியும். பூவைக் கண்ணால் பார்த்து எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அதனால்தான் தெருக்காரர்கள் பெயரை மாற்றக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அது தவிர வேறு அடையாளம் இல்லை.

இந்த வருடம் வைகாசி தொடக்கத்தில் அறந்தாங்கிப் பெரியம்மா போன் செய்தார். நீ விருந்துக்குப் போனபோது ஒரு கிழங்கை எடுத்துப் போய்க் கொடுத்தது எனக்கு அப்போதுதான் தெரியும். "தங்கச்சி பூ வந்துருச்சு" என்றார். பிறகு அழுதார். "ஒன்னய நான் என்னென்னமோ நெனச்சிருக்கேன். எந் தங்கச்சி இருந்த எடத்துல இவ ஒரு துரும்பக்கூட விட்டு வைக்க மாட்டான்னு சொல்லிருக்கேன், நாலு பேருகிட்ட. இத்தன வருஷமா அவ செடியக் காப்பாத்தி வச்சிருக்க. மனசுல வச்சுக்காத தாயி." நான் சரிங்கக்கா, சரிங்கக்கா என்றேன். அந்த வாரமே நீ ஓசூரிலிருந்து போட்டோ அனுப்பினாய். மாடி வீட்டுப் பெண்ணுக்கு ஒரு கிழங்கைக் கொடுத்திருப்பதாகவும், அங்கேயும் அதற்குச் செல்வி பூ என்றே பெயர் வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். பெயர் மாறிய பூ இரண்டு ஊருக்குப் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டேன். நீ கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்த வருஷம், நான் அறந்தாங்கில இருந்து வந்தப்பப் பூத்திருந்துச்சே, அதுவும் அம்மாது இல்லையா?"

"இல்ல தம்பி."

நித்யா எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு நீ, "தெரியாமத்தான சித்தி செஞ்சீங்க. கெழங்குன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும், மணமேல்குடியில ஏது இதெல்லாம்" என்றாய்.

"ஆமா" என்றேன்.

அன்று சாயங்காலமே நீ பெரியம்மாவுக்குப் போன் செய்து, சித்தி தெரியாமல் செய்தது என்று சொன்னாய். மும்தாஜ் அக்காவிடம் சொன்னாய். அப்பாவிடமும், நித்யாவின் அம்மாவிடமும் சொன்னாய். பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, "தெரியாமப் பண்ணுனதுக்கா பதினாலு வருஷம் உள்ளுக்குள்ளயே வச்சு மருகுன" என்று ஆறுதல் சொன்னார். எல்லோரும் என்னிடம் மென்மையாகப் பேசத் தொடங்கினார்கள். யாரும் திட்டவில்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதம்தான், நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து கழித்த நாட்களிலேயே மோசமானவை.

இனி மூன்றாவது தொட்டியைப் பற்றிச் சொல்கிறேன். முதல் இரண்டு தொட்டியைக் கவிழ்த்தபோது நான் சொன்னபடிதான் நடந்தது. கிழங்குகள் சுருங்கிக் கிடந்தன, செத்தது என்று நினைத்தேன். அன்று காலையில் பெரியம்மா வந்து போயிருந்தார். சமையலறையில் நான் மாற்றி வைத்திருந்த புளி டப்பாவை எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, "செல்வி இங்கனதான் வைப்பா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் போன பிறகுதான் நான் கொல்லைக்குப் போனேன். மூன்றாவது தொட்டியைக் கவிழ்த்தபோது வந்த கிழங்கு கனமாக இருந்தது, கையில் ஈரம் ஒட்டியது. உச்சியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு முளை, வெளிர்ப் பச்சை. நான் அதைப் பார்த்தேன். அது உயிரோடு இருக்கிறது என்பது தெரிந்தது. யார் வைத்தது என்பதும் தெரிந்தது. திரும்பப் புதைக்க வேண்டும் என்றால் அரை நிமிட வேலை, மண் காலடியில்தான் கிடந்தது. நான் அதை மற்றதோடு சேர்த்துக் கூடையில் போட்டு, தெருமுனைக் குப்பை மேட்டில் கொண்டுபோய்க் கொட்டினேன். கோபத்தில் செய்ததாகக்கூடச் சொல்ல முடியாது. வீட்டில் ஒரு பொருளாவது, ஒரு தொட்டியாவது, உன் அம்மாவின் பெயர் இல்லாமல் இருக்கட்டும் என்று இருந்தது. மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். குப்பையை எரித்திருந்தார்கள்.

ஆகவே பெரியம்மா என்னைப் பற்றி முதலில் நினைத்ததுதான் சரி. அவரிடம் நீ சொன்னது சரியில்லை. என் வயதைச் சொல்லியோ, அந்த வீட்டில் நான் இருந்த நிலையைச் சொல்லியோ இதைச் சிறியதாக்க நான் விரும்பவில்லை. மேலே அதையெல்லாம் எழுதியது, நடந்தது நடந்தபடி தெரியட்டும் என்பதற்காக. உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். மாடி வீட்டுப் பெண்ணிடம் அந்தப் பூவின் பெயரை மாற்றிச் சொல்லிவிடு. கோட்டைப்பட்டினத்து சம்பந்தியம்மாவை உனக்குத் தெரியாது, அவர் காலமாகியும் சில வருடங்கள் ஆயிற்று. இருந்தாலும் அது அவர் கொடுத்த செடி. நடுவில் பெயரை மாற்றியது நான்.

இதுவரை உள்ளதை ஆவணியில் எழுதி முடித்து, உனக்கு ஒரு பிரதி அனுப்பினேன். நீ படித்த பிறகே பத்திரிகைக்குக் கொடுப்பது என்று வைத்திருந்தேன். பத்து நாள் கழித்து அப்பாவின் போனில் கூப்பிட்டு, அவரிடம் "படிச்சுட்டேன்னு சொல்லுங்க. போடச் சொல்லுங்க" என்றாய். புரட்டாசியில் உன் அம்மாவின் திதி வந்தது. அதை எப்போதும் நம் வீட்டில்தான் கும்பிடுவோம், சமையல் நான்தான் செய்வேன். இந்த வருடம் நீங்கள் அறந்தாங்கியில் கும்பிட்டீர்கள். அப்பா மட்டும் காலை பஸ்ஸில் போய்விட்டுச் சாயங்காலம் வந்தார்.